6 கி.மீ. தானே என்று கிளம்பலாமா? ஹேம்குண்ட் ஏரிக்கு ஒரே நாளில் ஏறி இறங்கத் திட்டமிடுவது எப்படி?

மேப்பில் பார்த்தால் வெறும் 6 கிலோமீட்டர். "மெரினாவில் காலையில் நடக்கிற தூரம்தானே, பார்த்துக்கலாம்" என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உத்தராகண்ட் மாநிலம் கங்காரியாவில் இருந்து ஹேம்குண்ட் ஏரி வரை உள்ள இந்த 6 கிலோமீட்டரை ஏறி முடிக்க, சாதாரண உடல்நிலை உள்ள ஒருவருக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மேலே இரவு தங்க முடியாது. ஏறிய அன்றே இறங்கியாக வேண்டும்.

ஆண்டுதோறும் கோடை, மழைக்காலங்களில் தமிழ்நாட்டில் இருந்தும் பலர் பத்ரிநாத், மலர்ப் பள்ளத்தாக்கு பயணத்தோடு இந்த ஏரியையும் சேர்த்துக் கொள்கிறார்கள். இது புனிதத் தலம் என்பதால், "கோயிலுக்குத்தானே போகிறோம்" என்ற எண்ணத்தில் மலையேற்றத்துக்கான தயாரிப்பு எதுவும் இல்லாமல் போகிறவர்களும் உண்டு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹேம்குண்ட் ஏரி எங்கே இருக்கிறது, அந்த ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது, எந்த நேரத்தில் 'போதும், திரும்பிவிடலாம்' என்று முடிவெடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ஹேம்குண்ட் ஏரி எங்கே இருக்கிறது?

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத் செல்லும் நெடுஞ்சாலையில் இருந்து பிரியும் பியுந்தர் பள்ளத்தாக்கின் மேல் பகுதியில் இருக்கிறது இந்த ஏரி. 'ஹேம்' என்றால் பனி, 'குண்ட்' என்றால் குளம். சுற்றிலும் சிகரங்கள், நடுவில் பனி உருகிச் சேர்ந்த நீர். கோடையின் தொடக்கத்தில்கூட ஏரியின் மேல் பனிக்கட்டி மிதக்கும்.

ஏரிக்கரையில் ஹேம்குண்ட் சாஹிப் குருத்வாரா இருக்கிறது. சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங்கோடு தொடர்புடைய இடமாக இது வணங்கப்படுகிறது. பக்கத்திலேயே லட்சுமணனுக்கு ஒரு சிறிய கோயிலும் உண்டு. உள்ளூர் மக்கள் இந்த ஏரியை லோக்பால் என்றும் அழைக்கிறார்கள்.

ஏரி சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக் கொள்ளலாம். 15,000 அடி, அதாவது 4,500 மீட்டருக்கு மேல் என்றும் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் பயணத் திட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை. 4,000 மீட்டரைத் தாண்டுகிறோம் என்பதுதான் முக்கியம்.

கடைசி ஊர் கங்காரியா. உயரம் சுமார் 3,050 மீட்டர். தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர், ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது, தென்னிந்தியாவில் எந்த மலை உச்சியில் நின்றாலும் அதைவிட உயரமான இடத்தில்தான் இந்த மலையேற்றம் தொடங்குகிறது.

6 கி.மீ. ஏன் இவ்வளவு கடினம்?

முதல் காரணம், ஏற்றம். 3,050 மீட்டரில் இருந்து 4,300 மீட்டர் வரை, மொத்தம் 1,250 மீட்டர் ஏற வேண்டும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 400 மாடிக்கு மேல் படியேறுவதற்குச் சமம். நடுவில் சமதளமான பாதை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. கல் பதித்த பாதை வளைந்து வளைந்து மேலேயே போய்க்கொண்டிருக்கும். கடைசிப் பகுதியில் குறுக்கு வழியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. தூரம் குறையுமே என்று அதில் ஏறுகிறவர்கள் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவது சகஜம்.

இரண்டாவது காரணம், காற்று. உயரம் கூடினாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. சென்னையில் ஒரு மூச்சில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் கங்காரியாவில் சுமார் 70 சதவீதமும், ஏரிக்கரையில் சுமார் 60 சதவீதமும்தான் கிடைக்கும்.

கோவை வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதாகப் புரியும். அங்கேயும் ஒரு வழிக்குச் சுமார் 6 கி.மீ., ஏற்றமும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் ஏழாவது மலையின் உயரமே 2,000 மீட்டருக்குக் குறைவு. அந்த மலையிலேயே 2024-ம் ஆண்டு சீசனில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஏற்பட்டு பக்தர்கள் சிலர் உயிரிழந்த செய்திகள் வந்தன. அதே ஏற்றத்தை இன்னும் 1,000 மீட்டருக்கு மேல் தூக்கி வைத்தால், அதுதான் ஹேம்குண்ட்.

மூன்றாவது காரணம், வானிலை. பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஆறு, ஏழு டிகிரி குறையும். கங்காரியாவில் ஸ்வெட்டர் போதும் என்று தோன்றும் காலையில், ஏரிக்கரையில் இன்னும் எட்டு டிகிரி குளிர் அதிகமாக இருக்கும். காலையில் தெளிவாக இருக்கும் வானம், மதியத்துக்கு மேல் மூடிக்கொண்டு மழையோ பனியோ கொட்டுவது இமயமலையில் வழக்கம்.

வானிலை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு, இதே மாநிலத்தில் இன்னொரு ஏரி உதாரணம். 2024 ஜூன் மாதம் சஹஸ்திர தால் ஏரிப் பகுதிக்குச் சென்ற, கர்நாடகாவைச் சேர்ந்தவர்கள் அடங்கிய 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் உயிரிழந்தனர். அது பல நாள் பயணம், பாதையும் வேறு. ஆனால் உயரமும், மதியத்துக்கு மேல் மாறும் வானமும் இரண்டு இடத்துக்கும் பொதுவானவை.

ஏறி இறங்க எத்தனை மணி நேரம் ஆகும்?

மலையில் தூரத்தை வைத்து மட்டும் நேரத்தைக் கணக்கிட முடியாது. இதற்கு மலையேறுபவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஒரு எளிய விதி இருக்கிறது. 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறுநர் வில்லியம் நைஸ்மித் சொன்னது. ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேர்க்க வேண்டும்.

ஹேம்குண்டுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 6 கி.மீ. தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம். 1,250 மீட்டர் ஏற்றத்துக்கு 2 மணி 5 நிமிடம். மொத்தம் 3 மணி 17 நிமிடம். இது நல்ல உடல் வலிமை உள்ளவர், ஓய்வு எடுக்காமல், உயரம் குறைந்த மலையில் நடந்தால் ஆகும் நேரம். காற்று மெலிந்த இடம் என்பதால் இன்னும் பாதி நேரம் கூட்ட வேண்டும். அப்போது கிட்டத்தட்ட 5 மணி நேரம் வருகிறது. வயதானவர்கள், பழக்கம் இல்லாதவர்களுக்கு 6 மணி நேரம்கூட ஆகலாம். இறங்க இரண்டரை முதல் 3 மணி நேரம்.

இதை வைத்து ஒரு நாள் அட்டவணை போட்டால் இப்படி இருக்கும்:

- அதிகாலை 5 மணி: கங்காரியாவில் இருந்து கிளம்புதல்
- காலை 7.30 மணி: பாதி வழி, சூடாகக் குடித்துவிட்டு, உடல்நிலையைப் பார்த்துக் கொள்ளுதல்
- காலை 10 – 10.30 மணி: ஏரியை அடைதல்
- பகல் 12 மணி: இறங்கத் தொடங்குதல்
- மாலை 3 மணி: கங்காரியா

மேலே இருந்து பிற்பகல் 2 மணி வாக்கில் எல்லோரும் இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. ஆனால் அந்த 2 மணியைத் திட்டத்தின் கடைசி எல்லையாக வைத்துக்கொண்டால், கால் சுளுக்கினாலோ மழை பிடித்தாலோ சமாளிக்கக் கையில் நேரம் இருக்காது. அதனால் 'திரும்பும் நேரம்' ஒன்றை முன்கூட்டியே குறித்து வைப்பது நல்லது. உதாரணமாக 12 மணி. அந்த நேரத்தில் எங்கே நின்றாலும், ஏரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும், திரும்பிவிட வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

ஹேம்குண்ட் சாஹிப் பொதுவாக மே மாதக் கடைசியில் திறந்து, அக்டோபர் முதல் பாதியில் மூடப்படும். மற்ற மாதங்களில் பாதை முழுக்கப் பனி. திறக்கும் முன்பு ராணுவ வீரர்கள் பனியை வெட்டித்தான் பாதை அமைக்கிறார்கள்.

ஜூன்: மழை குறைவு. ஆனால் பாதையில் பனி இருக்கும். அட்லாகோட்டி என்ற இடத்தில் பனிப்பாளத்தை வெட்டிய குறுகிய வழியாக நடக்க வேண்டியிருக்கும். 2023 ஜூன் தொடக்கத்தில் இந்தப் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் ஒரு குடும்பம் சிக்கி, அதில் ஒரு பெண் உயிரிழந்தார். பனிப்பகுதியில் நின்று செல்ஃபி எடுப்பது, குறுக்கு வழியில் இறங்குவது இரண்டுமே ஆபத்து.

ஜூலை, ஆகஸ்ட்: மலர்ப் பள்ளத்தாக்கு பூத்துக் குலுங்கும் காலம். ஏரியைச் சுற்றி உத்தராகண்டின் மாநில மலரான பிரம்ம கமலத்தையும் பார்க்கலாம். ஆனால் இது முழு மழைக்காலம். மலைக்கு மேலே இருப்பதைவிட, அங்கே போய்ச் சேரும் ரிஷிகேஷ் - பத்ரிநாத் சாலையில் நிலச்சரிவு ஏற்பட்டு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

செப்டம்பர்: மழை ஓயத் தொடங்கும். இரண்டாவது பாதியில் வானம் தெளிவாக இருக்கும். பூக்கள் குறைவு, குளிர் கூடுதல். ஏரிக்காக மட்டும் போகிறவர்களுக்கு இதுவே வசதியான மாதம்.

திறக்கும், மூடும் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். சார் தாம் யாத்திரையைப் போலவே ஹேம்குண்டுக்கும் உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு நாள் ஏற்றத்துக்கு எத்தனை நாள் தேவை?

ஏறி இறங்குவது ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாள் நல்லபடியாக முடிய, ரிஷிகேஷில் இருந்து ரிஷிகேஷுக்கு 7 நாள் ஒதுக்குவது நல்லது.

முதல் நாள்: ரிஷிகேஷில் இருந்து சாலை வழியாக ஜோஷிமட் அல்லது கோவிந்த்காட். கோவிந்த்காட் வரை சுமார் 275 கி.மீ. என்றாலும் மலைச்சாலை என்பதால் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு நேரத்தில் மலைச்சாலையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும்.

இரண்டாம் நாள்: கோவிந்த்காட்டில் இருந்து புல்னா கிராமம் வரை சுமார் 4 கி.மீ. ஜீப். அங்கிருந்து கங்காரியாவுக்குச் சுமார் 10 கி.மீ. நடை. இதுவே 4 முதல் 6 மணி நேரம் ஆகும்.

மூன்றாம் நாள்: மலர்ப் பள்ளத்தாக்கு.

நான்காம் நாள்: ஹேம்குண்ட் ஏரி.

ஐந்தாம் நாள்: கையிருப்பு நாள்.

ஆறு, ஏழாம் நாள்கள்: திரும்பும் பயணம்.

இதில் பலர் செய்யும் தவறு, கங்காரியா போய்ச் சேர்ந்த மறுநாளே ஏரிக்கு ஏறிவிடுவது. "கஷ்டமானதை முதலில் முடித்துவிடலாம், பிறகு நிதானமாகப் பூ பார்க்கலாம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உடம்பின் கணக்கு வேறு. கங்காரியாவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலர்ப் பள்ளத்தாக்குக்கு, மற்றொன்று ஏரிக்கு. பள்ளத்தாக்குப் பாதை சுமார் 3,500 மீட்டர் வரைதான் ஏறும். பகலில் கொஞ்சம் மேலே போய்விட்டு, இரவில் கீழே வந்து தூங்கினால், குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பு பழகத் தொடங்கும். அடுத்த நாள் ஏரிக்கு ஏறும்போது அந்த ஒரு நாள் பழக்கம் பெரிய உதவி. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமான அந்தப் பள்ளத்தாக்கு பொதுவாக ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். உள்ளே இரவு தங்க அனுமதி இல்லை.

உயர நோய்: எந்த அறிகுறி வந்தால் திரும்ப வேண்டும்?

2,500 மீட்டருக்கு மேல் வேகமாகப் போகும் யாருக்கும் உயர நோய் வரலாம். வயது, ஆண், பெண், உடற்பயிற்சி செய்கிறவர் என்ற வித்தியாசம் இதற்கு இல்லை. சொல்லப்போனால், "நான் தினமும் ஜிம்முக்குப் போகிறவன்" என்று முதல் ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டு ஏறும் இளைஞர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். உடல் வலிமை வேகமாக ஏற உதவும். உயரத்துக்குப் பழக உதவாது.

ஆரம்ப அறிகுறிகள்: தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், வழக்கத்தைவிட அதிகமான சோர்வு. தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலே, அதை உயர நோய் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மேலே ஏறுவதை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். குறையவில்லை என்றால் இறங்க வேண்டும்.

ஆபத்தான அறிகுறிகள்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளி வருவது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்க்கத் தொடங்கியிருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள் இவை. "கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே, எந்த நேரமாக இருந்தாலும், கீழே கொண்டுவர வேண்டும். இதற்கு முதல் மருந்து இறங்குவதுதான்.

முக்கியமான ஒன்று: உடல்நிலை சரியில்லாதவரைத் தனியாக இறக்கி அனுப்பக் கூடாது. "நீ மெதுவா இறங்கு, நாங்க பார்த்துட்டு வந்துடறோம்" என்பது குழுவாகப் போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வாசகம். தள்ளாடுகிறவருக்குத் தான் தள்ளாடுவதே தெரியாமல் போகலாம். கூட ஒருவர் கட்டாயம் இறங்க வேண்டும். அது யார் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர்கள் சிலருக்குப் பரிந்துரைப்பதுண்டு. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் உள்ளிட்ட சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. நண்பர் சாப்பிட்டார் என்பதற்காக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பயணத்தை முடிவு செய்யும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உடம்பைத் தயார் செய்வது எப்படி?

சமதளத்தில் நடப்பது மட்டும் போதாது. படி ஏறிப் பழக வேண்டும். குறைந்தது 8 வாரங்களுக்கு, வாரத்தில் நான்கைந்து நாள் 45 நிமிடம் வேக நடை, அதோடு இரண்டு நாள் படியேற்றம். அபார்ட்மென்ட் படிக்கட்டோ, பக்கத்தில் உள்ள மலைக்கோயில் படியோ, எதுவாக இருந்தாலும் சரி. கடைசி இரண்டு வாரங்களில் முதுகில் 4, 5 கிலோ பையோடு ஏறிப் பார்க்கலாம். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அதிக வேலை. அதனால் இறங்குவதையும் பயிற்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும்; லிஃப்டில் இறங்கினால் கணக்கு இல்லை.

மலையில் வேகத்துக்கு ஒரே அளவுகோல்: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஜீன்ஸும் பருத்தி டி-ஷர்ட்டும் நம்ம ஊர் வெயிலுக்குச் சரி. அங்கே நனைந்தால் காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருந்தாலும், நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

- உள்ளே சீக்கிரம் காயும் செயற்கை இழை சட்டை, நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட் அல்லது பாஞ்சோ
- குல்லா, கையுறை, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய மாற்று உடை
- கூடுதலாக இரண்டு ஜோடி காலுறை. குருத்வாராவுக்குள் காலணியைக் கழற்ற வேண்டும். ஈரக் காலுறையோடு குளிர்ந்த தரையில் நிற்பது கொடுமை
- பழகிய, பிடிமானமுள்ள ஷூ. புது ஷூவை மலையில்தான் முதலில் போடுவது என்பது கொப்புளத்துக்கு அழைப்பு
- ஊன்றுகோல். கோவிந்த்காட்டிலேயே மரக்கம்பு கிடைக்கும்
- 2 லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், குளுக்கோஸ்
- டார்ச், பவர் பேங்க், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், கூலிங் கிளாஸ், சன் ஸ்கிரீன்

பாதையில் சீசனில் டீக்கடைகள் இருக்கும். மேலே குருத்வாராவின் லங்கரில் சூடான டீயும் கிச்சடியும் எல்லோருக்கும் தருவார்கள். ஆனாலும் கையில் சாப்பாடு இல்லாமல் ஏறக் கூடாது. செல்போன் சிக்னலை நம்பவும் முடியாது. தங்கும் இடத்தில், 'இத்தனை பேர் போகிறோம், இந்த நேரத்துக்குள் திரும்புவோம்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஏரியில் குளிக்கலாமா?

பக்தர்கள் பலர் ஏரியில் முழுக்குப் போடுகிறார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் உறைநிலைக்கு அருகில் உள்ள நீரில் திடீரென்று இறங்கும்போது மூச்சு திணறும், ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சட்டென்று ஏறும். இதய நோய் உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டாலும் போதும். குளிப்பவர்கள் ஒரு சில நொடிகளில் வெளியே வந்து, உடனே துடைத்து, உலர்ந்த உடை மாற்ற வேண்டும். வேர்த்துக் கொட்டிய நிலையில் நேராகத் தண்ணீரில் இறங்கக் கூடாது.

பிரம்ம கமலத்தைப் பறிக்கவும் கூடாது. குறுகிய கோடையில் மட்டும் பூக்கும் செடி அது. பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில் எதுவாக இருந்தாலும் கீழே கொண்டுவந்துதான் போட வேண்டும்.

நடக்க முடியாதவர்கள் கோவேறு கழுதையில் போகலாமா?

போகலாம். கோவேறு கழுதை, முதுகுக் கூடை, டோலி ஆகியவை கிடைக்கும். சீசனில் கோவிந்த்காட் - கங்காரியா இடையே ஹெலிகாப்டரும் உண்டு. ஆனால் இவை காலுக்குத்தான் ஓய்வு கொடுக்கும்; உயர நோயில் இருந்து காப்பாற்றாது. ஹெலிகாப்டரில் சில நிமிடங்களிலேயே 1,200 மீட்டர் மேலே போய்விடுவதால், உடம்பு பழக நேரமே கிடைக்காது. அப்படிப் போகிறவர்கள் கங்காரியாவில் இரண்டு இரவாவது தங்கிய பிறகு ஏரிக்குக் கிளம்புவது பாதுகாப்பு. கழுதையில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு உடம்பு அசையாததால் குளிரும் அதிகம் தெரியும்.

திரும்பும் முடிவை எப்போது எடுப்பது?

மலையில் நடக்கும் பல விபத்துகளில், 'இங்கேயே திரும்பியிருக்கலாம்' என்று சொல்லும்படி ஒரு இடம் இருக்கும். அங்கே ஏன் திரும்பவில்லை? பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இவ்வளவு தூரம் வந்துட்டு..."

சென்னையில் இருந்து ஹேம்குண்ட் போகிறவருக்கு இந்த எண்ணம் இன்னும் அதிகமாக இருக்கும். ரயில், கார், லீவு, பணம் என எல்லாவற்றையும் செலவழித்து, ஏரிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நிற்கிறார். தலை வலிக்கிறது, மேகம் இறங்குகிறது, மணி 12. அந்த இடத்தில், குறைந்த ஆக்சிஜனில், களைத்துப்போன மூளையால் நல்ல முடிவு எடுப்பது கஷ்டம். அதனால் அந்த முடிவை வீட்டில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

குடும்பமாகவோ நண்பர்களாகவோ போகிறவர்கள் கிளம்பும் முன் மூன்று விஷயங்களைப் பேசி முடித்துக்கொள்ளலாம்:

1. எத்தனை மணிக்குத் திரும்புவோம்?
2. எந்த அறிகுறி வந்தால் கேள்வி கேட்காமல் இறங்குவோம்?
3. ஒருவர் இறங்கினால் கூட இறங்குவது யார்?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தாலும், நடைமுறையில் திரும்ப மனசு வர வேண்டுமே? அதற்குத்தான் ஐந்தாம் நாள் என்ற கையிருப்பு நாள். 'இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு முயற்சி செய்யலாம்' என்ற வாய்ப்பு இருக்கிறவர் எளிதாகத் திரும்பிவிடுவார். மறுநாள் காலை ரயிலுக்கோ காருக்கோ ஓட வேண்டியவர், தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுவார். லேசான அறிகுறியோடு திரும்பியவர்கள், அது முழுமையாகப் போன பிறகுதான் மறுபடி ஏற வேண்டும். போகவில்லை என்றால் இந்த முறை அவ்வளவுதான்.

முதல் முயற்சியிலேயே ஏரியைப் பார்த்துவிட்டால் அந்த நாள் வீணாகுமா? ஆகாது. கோவிந்த்காட்டில் இருந்து பத்ரிநாத் வெறும் 25 கி.மீ.தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான அந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம்.

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. யாத்திரை காலத்தில் மாநிலப் பேரிடர் மீட்புப் படையினர் இந்தப் பாதையில் பணியில் இருப்பார்கள். ஆனால் மீட்புக் குழுவும் அதே கல்பாதையில் நடந்துதான் வர வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஏரிக்குப் போய்ச் சேர்வது பயணத்தில் பாதிதான். மாலை 3 மணிக்குக் கங்காரியாவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கும்போதுதான் அந்த ஒரு நாள் மலையேற்றம் முடிகிறது.